உன் இஷ்டம்

‘உன் இஷ்டம்’ என்று சொல்லியிருக்கக் கூடாது, வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், ஒன்றுமே சொல்லாமல் காபிக் கோப்பையைக் கழுவப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தணிகாசலம் முன்வரிசையில் ஓரத்து நாற்காலியில், வேட்பாளரின் கணவனுக்கென்று ஒதுக்கிய இடத்தில், உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கம். பூட்ஸ் கால்கள் மரத்தரையைக் கெடுத்துவிடாமல் இருக்க எங்கும் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். ஈரக் கம்பளி, தரை மெழுகு, மூலையில் கொதிக்கும் காபி எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை, இந்தப் பிரசாரம் தொடங்கியதிலிருந்து அவன் சட்டைகளிலும் ஏறிவிட்ட வாசனை. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். கூரைமேல் பனி உருகி அவ்வப்போது பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் திக்கென்றது. மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் ஊர்ப் பனி அது. விஸ்கான்சினில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் இந்தச் சத்தம் பழகவில்லை. காலையில் வீட்டு அடுப்படியில் கோல்மன்கூட இதே சத்தத்துக்கு நடுவில்தான் அதைச் சொன்னான். கோல்மன் அவன் மனைவி இங்க்ரிட்டின் பிரசாரத்தை நடத்துகிறவன், முப்பதைத் தாண்டியிருப்பான், கெட்டவன் இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மேஜை விளிம்பைப் பார்த்தபடி, “இங்க்ரிட், இதை நீங்க ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும், அந்த மசோதாவுக்கு ஏன் ஓட்டுப் போட்டீங்கன்னு அப்புறம் ஒருத்தரும் கேட்கமாட்டாங்க” என்றான். இங்க்ரிட் தணிகாசலத்தைப் பார்த்து, “நீ என்ன சொல்றே?” என்றாள். அப்போதுதான் அவன் சொன்னான், உன் இஷ்டம். ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஆனால் வார்த்தை ஆங்கிலமே தவிர அர்த்தம் அரக்கோணத்து அர்த்தம். அரக்கோணத்தில் அப்பா துணிக்கடையில் ‘உன் இஷ்டம்’ என்றால் அம்மா கையில் எடுத்த புடவையை அங்கேயே வைத்துவிடுவாள். இவள் மினசோட்டா எல்லைப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவள், நார்வேக்காரர்களின் வம்சம், அங்கே உன் இஷ்டம் என்றால் உன் இஷ்டம்தான். சரி என்று தலையாட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வடக்கே வரும் வழியெல்லாம் காரில் அவள் ஏதோ படித்துக்கொண்டு வந்தாள், அவன் வைப்பரைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னானா, இல்லை, வேண்டாம் என்று சொல்லப் பயந்து அப்படிச் சொன்னானா, அதுவுமில்லை, சொல்லேன் என்று உள்ளே எங்கோ ஒரு நப்பாசை இருந்து அதை மறைக்க அப்படிச் சொன்னானா என்று நினைக்க நினைக்க, பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போய்க்கொண்டிருந்தது.

அவள் மேடையேறவில்லை. மேடையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, தரையில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று பக்கமும் படிப்படியாக உயர்ந்த பெஞ்சுகளில் ஜனங்கள். மரம் வெட்டுகிறவர்கள், பால்பண்ணைக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்ட கிழவர்கள். அவர்களை யாரும் லாரியில் ஏற்றி வரவில்லை, பொட்டலம் கொடுக்கவில்லை, இந்தச் சேற்றுப் பனியில் தாங்களாகவே வண்டியோட்டி வந்து, பலர் அவளைத் திட்டுவதற்கென்றே வந்து, வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தணிகாசலத்துக்கு இது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருந்தது. சின்ன வயசில் அரக்கோணம் ரயில்வே மைதானத்தில் அவன் பார்த்த கூட்டங்களில் ஒருத்தர் பேச ஊர் கேட்கும். இங்கே ஊர் பேச ஒருத்தி கேட்கிறாள். அந்த ஒருத்தி தன் வீட்டில் தலை துவட்டிய துண்டைக் கட்டில்மேல் போடுகிறவள், எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போடுகிறவள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள், அவள் பல்லுக்கு இரவில் மாட்டிக்கொள்ளும் கவசத்தை அவனே அச்செடுத்துச் செய்து கொடுத்திருக்கிறான், ஊரில் அவன்தான் பல் டாக்டர். வேறு யாரும் வர ஒப்பாத ஊர் என்பதால் அவனுக்குக் கிடைத்த ஊர். அவள் அங்கே மாட்டு டாக்டராக இருந்தாள். பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று ஒரு நாள் கோபமாகக் கிளம்பிப் போய்ப் பள்ளி வாரியத்துத் தேர்தலில் நின்றாள், அவ்வளவுதான் ஆரம்பம், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று வெளியே போனவள் மாதிரிதான் போனாள். அப்புறம் மாநிலச் சட்டசபை, அப்புறம் வாஷிங்டனில் கீழவை, இப்போது செனட். அக்காவிடம் முதலில், அவள் காங்கிரஸ்ல இருக்கா என்று சொல்லித் தொலைத்துவிட்டான், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதுதானே பெயர், அக்கா அரக்கோணம் முழுக்கச் சொல்ல, எதிர்வீட்டுக்காரர் ‘அங்கேயுமா காங்கிரஸ் இருக்கு?’ என்றாராம். போன வாரம் அக்கா போனில், “ஏன்டா, உன் பொண்டாட்டி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஒண்ணும் புரியலையே” என்றாள். “நடுவுலக்கா” என்றான். “நடுவுலன்னா?” “ரெண்டு பக்கத்துலயும் நல்லது இருந்தா எடுத்துக்கறது.” “மத்தளம்னு சொல்லு” என்றாள் அக்கா. மத்தளம்தான். ரெண்டு பக்கமும் இடிதான். ஆனால் சத்தமும் அதிலிருந்துதானே வருகிறது அக்கா என்று அப்போது தோன்றவில்லை, போனை வைத்த பிறகு தோன்றியது, எப்போதும் வைத்த பிறகுதான் தோன்றும்.

முதலில் எழுந்தவர் பால் விலையைப் பற்றிக் கேட்டார். அதில் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது, மாட்டின் வாயிலிருந்து கடைப் பெட்டிவரைக்கும் தெரியும். அடுத்து வந்தது ஒரு இளம்பெண், இங்க்ரிட்டின் கட்சிக்காரிதான், காதில் பெரிய வளையம், மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, “நாங்க உங்களுக்காக வீடு வீடா ஏறி இறங்கினோம். நீங்க எங்களை வித்துட்டீங்க” என்றாள். பெஞ்சுகளில் ஒரு பக்கம் கைதட்டல் எழுந்தது. அந்த மசோதாதான். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் வரிசையாகப் பிரசவ வார்டுகளை மூடிக்கொண்டு வந்தார்கள், அவற்றைத் திறந்து வைத்திருக்கப் பணம் வேண்டும் என்று இவள் கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. எதிர்க்கட்சி பணத்தைப் பாதியாக வெட்டி, தங்களுக்கு வேண்டிய நிபந்தனைகளையும் உள்ளே சொருகி, இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள் என்றது. இவள் கட்சி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றது. இவள் எடுத்துக்கொண்டாள், இவளும் இவளைப் போல ஒரு கைப்பிடி ஆட்களும். அன்றைக்கு அவன் கிளினிக்கில் இருந்தான். நாற்காலியில் படுத்திருப்பவர்கள் பார்ப்பதற்காக மேல்கூரையில் மாட்டியிருந்த டிவியில் ஓட்டெடுப்பு ஓடியது. திருமதி ஆல்ட்ரிச் வாயைத் திறந்தபடி, உறிஞ்சுகுழாய் கடைவாயில் தொங்க, இவனோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தாள். இங்க்ரிட் பெயருக்கு நேரே ‘ஆம்’ என்று வந்ததும் அந்த அம்மாளின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின. பாராட்டா பகையா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அடுத்த நாள் அவள் கட்சிக்காரர்கள் துரோகி என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் வரிப்பணத்தைக் கரைத்தவள் என்றார்கள். அந்தத் துரோகிதான் இப்போது அதே கட்சிக்காரர்களிடம், கட்சியின் செனட் வேட்பாளர் யார் என்று கட்சிக்குள்ளேயே ஆகஸ்டில் நடக்கும் தேர்தலுக்கு, ஓட்டுக் கேட்டு வந்து நிற்கிறாள். “நீங்க சொல்றது எனக்கு வலிக்குது, ஆனா நீங்க அதைச் சொல்ல வந்ததுக்கு நன்றி” என்றாள் இங்க்ரிட் அந்தப் பெண்ணிடம். “பாதிப் பணம்னா பாதி வார்டு. முழுசுக்குக் காத்திருந்தா அந்தப் பாதியும் மூடியிருக்கும். நான் போட்ட கணக்கு தப்பா இருக்கலாம். ஆனா வித்துட்டு வாங்கினது ஒண்ணும் இல்லை.” பெண் உட்காரவில்லை. நின்றே கேட்டுவிட்டு, ஒப்புக்கொள்ளாமல், ஆனால் அழுகையில்லாமல் போனாள். தணிகாசலம் அவள் முதுகையே பார்த்தான். இங்க்ரிட்டை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் வந்தபோது இருந்ததைவிட ஒரு சுற்று நிதானமாகப் போகிறார்கள், அது என்ன வித்தை, படுக்கையில் பக்கத்தில் படுத்திருந்தும் அவனுக்குப் பிடிபடாத வித்தை. ஆனால் கோல்மன் சுவரோரம் நின்று உதட்டைக் கடிப்பதும் தெரிந்தது. நிதானமாகப் போகிறவர்கள் ஓட்டுப் போடுவதில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் போடுகிறார்கள் என்பது கோல்மனின் வாதம். கண்ணைத் துடைக்க வைக்கிற விஷயம் இவளிடம் இருக்கிறது. வேட்பாளராகும்போது எதிராளி தோண்டியெடுக்கக்கூடிய எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்று கோல்மன் கேட்டிருக்கிறான், இவளும் சொல்லியிருக்கிறாள், அப்படித்தான் அது அவன் காதுக்குப் போனது. தணிகாசலத்துக்கு அதை வைத்து எடுக்கப்போகும் விளம்பரப் படமே கண்ணில் ஓடியது. பனி மூடிய சாலை, தூரத்தில் ஒரு காரின் சிவப்பு விளக்கு, பியானோ, ஒரு சின்னப் போர்வை. கல்யாணப் போட்டோ துண்டறிக்கையில் போய்விட்டது, அடுப்படியும் டிவியில் வந்துவிட்டது, இவன் உச்சரிப்பைக்கூட ஒரு கூட்டத்தில் பாசமாகக் கிண்டல் செய்து ஜனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள், எல்லாம் போகட்டும், கொடுத்ததுதான். இந்த ஒன்று மட்டும் அவர்கள் குடியிருக்கும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தும் ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. எத்தனை தேர்தல் போயிருக்கிறது. அவளைத் தோற்கடிக்க வேலை செய்தவர்கள்கூட அவனிடம் வந்து வாயைத் திறந்து படுத்திருக்கிறார்கள், அந்த வாய்களில் ஒன்றுகூட அதைச் சொன்னதில்லை. ஒரு ஊரே சேர்ந்து ஒரு விஷயத்தைப் பொத்திப் பாதுகாக்க முடியும் என்பதை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அப்போது மூன்றாவது ஆள் மைக்குக்கு வந்தார். அறுபதைத் தொடும் வயசு, லாரி ஓட்டுகிறவர்களின் தோள், காதுவரை இழுத்துவிட்ட ஆரஞ்சுத் தொப்பி. பெயர் வெர்ன் என்று மட்டும் சொன்னார். “ஒரே கேள்விதான்” என்றார். “பிரசவ வார்டு, பிரசவ வார்டுன்னு மூச்சுக்கு மூச்சு பேசறீங்க. உங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. உங்களுக்கு இதில என்ன தெரியும்?” பெஞ்சுகளில் யாரோ ‘ஏய்’ என்றார்கள், ஒரு அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள், மேல்வரிசையில் யாரோ கேட்டது சரிதான் என்பதுபோலக் காலால் பலகையைத் தட்டினார்கள், பிறகு எல்லாம் அடங்கிப்போயிற்று. கோல்மன் சுவரைவிட்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆனால் இதைவிட அகலமாக ஒரு கதவு திறக்காது என்று அந்த முகம் சொன்னது. இங்க்ரிட் மைக்கை மோவாய்க்குக் கீழே இறக்கினாள். அவள் மூச்சுமட்டும் ஒலிபெருக்கியில் வந்துபோனது. சொல்லப்போகிறாள் என்று நினைத்தான் தணிகாசலம், இதோ சொல்லப்போகிறாள், என் காலுக்கடியில் ரப்பர் இருக்கிறது, நான் எங்கேயும் போக முடியாது. அவள் மாசமாக இருந்த வருஷம் அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியிருந்தார்கள். நகரத்துக்குப் போகும் சாலையில் பனி. போய்ச் சேர்ந்தார்கள், சேராமல் இல்லை, குழந்தை காலையில் பிறந்து விளக்கு வைப்பதற்குள் போய்விட்டது. பக்கத்திலேயே வார்டு இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இங்க்ரிட் கேட்டதற்கு அங்கே பிரசவம் பார்த்த டாக்டரம்மாள், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றாள். பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதற்காக இங்க்ரிட் அவளுக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாள். மத்தியானம் குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அதைத்தான் அவனால் எந்தப் பக்கமும் தள்ளிவைக்க முடியவில்லை, அந்த விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் உடம்பு முழுதும் ஒரு துள்ளுத் துள்ளியது. எங்க ஊர்ல குழந்தைக்கு விக்கல் வந்தா குடல் வளருதுன்னு சொல்வாங்க என்று அவன் சொன்னான், இங்க்ரிட் சிரித்தாள், வளரட்டும் என்றாள், இரண்டு பேரும் அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்கள், குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவில், இரண்டு பைத்தியங்கள். அதை ஒலிபெருக்கியில் சொல்ல முடியுமா. சொன்னால் அது என்னவாகும். இவள் இப்படி வாய்மூடி நின்றதை முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழைப்பு வந்தது, நீயும் வா என்றாள், இருந்த ஒரே கோட்டுசூட்டோடு போனான். கொட்டகையில் ஒரு பசு கன்று போட முடியாமல் படுத்திருந்தது. இங்க்ரிட் வைக்கோலில் குப்புறப் படுத்துத் தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டாள். பண்ணைக்காரர் பதற்றத்தில் பேசிக்கொண்டே இருந்தார். “கொஞ்சம் பேசாம இருங்க, என் கை கேட்கட்டும்” என்றாள். அப்புறம் அசையவில்லை. டார்ச்சைப் பிடித்திருந்த தணிகாசலம் அவள் முகத்தைப் பார்த்தான். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. ஒரு மனுஷி தன்னை முழுக்கக் காலிசெய்துவிட்டு இன்னொரு உயிரின் இருட்டுக்குள் போய் நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான், பார்த்துப் பயந்தான், கோயிலில் திரை விலகும்போது சின்ன வயசில் வருமே, அந்தப் பயம். கன்று உயிரோடு வந்தது. வைக்கோலும் ரத்தமுமாக எழுந்து அவள், மீன் ஆறிப்போயிருக்கும் என்றாள். இப்போதும் கண் அப்படித்தான் இருந்தது. சொல்லட்டும் என்று திடீரென்று தோன்றியது அவனுக்கு. ஏன் சொல்லக் கூடாது. அந்தக் குழந்தை இந்தப் பூமியில் இருந்தது, விக்கியது, இரண்டு பேர் மண்டைக்குள் மட்டும் எத்தனை நாள் அதை வைத்திருப்பது, இரண்டு பேரும் போன பிறகு யார் சொல்வார்கள் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று. இங்க்ரிட்டின் பார்வை சுற்றி வந்து அவன்மேல் நின்றது. அவன் தலையாட்டினான். இந்தத் தடவை அதில் அரக்கோணம் இல்லை, சந்தேகமே இல்லாமல் ஆட்டினான். அவள் பார்த்தாள். பார்த்தது தெரிந்தது. பிறகு வெர்ன் பக்கம் திரும்பினாள்.

“உங்க வீட்டில யாருக்கு?” என்று கேட்டாள்.

“என்ன?”

“யாரு மாசமா இருக்காங்க, உங்க வீட்டில?”

வெர்ன் மைக்கைப் பார்த்தார், அது ஏதோ கையில் ஒட்டிக்கொண்டது மாதிரி. “என் மக” என்றார். “மே மாசம்.”

“எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதா இருக்கீங்க?”

அவர் சொன்னார். ரோடு நன்றாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் என்றார். மே மாசம் நன்றாகத்தானே இருக்கும் என்றாள் இங்க்ரிட். போன வருஷம் மே மாசமும் பனி விழுந்தது என்றார் வெர்ன், ஆமாம் விழுந்தது என்று பெஞ்சிலிருந்து யாரோ ஒத்து ஊதினார்கள். “அவ அம்மா போய்ச் சேர்ந்துட்டா” என்றார் வெர்ன். குரல் இறங்கியிருந்தது, மைக் இருப்பதை மறந்துவிட்டிருந்தார். “அவ வீட்டுக்காரன் கப்பல்ல இருக்கான். நான்தான் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது.” ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை, தொப்பியின் தடம் சிவப்பாக விழுந்திருந்தது. அரங்கத்தில் அத்தனை பேர் இருந்தும் காபி கொதிக்கும் சத்தம் கேட்டது. தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது, வெட்கமா வியப்பா என்று பிரிக்க முடியாத ஒன்று. அந்த ஆள் வாயிலிருந்து வந்ததை அவன் அவமானமாகக் கேட்டான், கோல்மன் வாய்ப்பாகக் கேட்டான், இத்தனை ஜனமும் வம்பாகக் கேட்டது. அடிபட்டவள் அவள். அடி விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு அவள், அடித்தவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். “நான் ஓட்டுப் போட்ட மசோதாவால மே மாசத்துக்குள்ள இங்கே வார்டு திறக்காது” என்றாள் இங்க்ரிட். “அடுத்த வருஷம் திறக்கலாம். திறக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. அதனால உங்களுக்கு இன்னைக்கு நான் குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா எப்பக் கிளம்பணும், என்ன ஆனா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, இதெல்லாம் கூட்டம் முடிஞ்சதும் உட்கார்ந்து சொல்றேன். அதில எனக்குக் கொஞ்சம் தெரியும்.” வெர்ன், “சரி” என்றார். கொஞ்சம் நின்று இன்னொரு தடவை, “சரி” என்றார். யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று தெரியவில்லை. அடுத்தவர் வந்து ஏரியில் படகு விடும் கட்டணத்தைப் பற்றிக் கேட்டார்.

கூட்டம் கலைந்து கோட்டுகள் மாட்டியிருந்த நடைபாதைக்கு வந்தபோது கோல்மன் அவர்களோடு சேர்ந்துகொண்டான். குரலை உயர்த்தவில்லை, அவன் உயர்த்துகிறவன் இல்லை. “கதவு திறந்தே இருந்தது, இங்க்ரிட்” என்றான். “தெரியும்” என்றாள். “டோனிகூடத் தலையாட்டினார், நான் பார்த்தேன்.” இந்த நாட்டில் தணிகாசலம் டோனிதான், சண்டை போட்டுப் பார்த்து விட்டுவிட்டான். “நானும் பார்த்தேன்” என்றாள் இங்க்ரிட், தணிகாசலத்தின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். அவள் உள்ளங்கை வியர்த்துக் குளிர்ந்திருந்தது. “அப்ப ஏன்?” என்றான் கோல்மன். அவள் யோசித்தாள், பதில் தெரியாமல் இல்லை, எப்படிச் சொன்னால் இவனுக்கு வலிக்காது என்று யோசிக்கிற யோசனை. “சொல்லியிருந்தா கை தட்டியிருப்பாங்க, கோல்மன்” என்றாள். அவனுக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை. வேகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்லப் போனான். ஆகஸ்டில் அவள் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றாள், கீழவைப் பதவியையும் விட்டுவிட்டு நின்றதால் மறுபடி கொட்டகைகளுக்குப் போய்க் கன்று இழுத்தாள், அந்தக் கதவைப் பற்றிக் கோல்மன் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது, இங்க்ரிட் நடைபாதைக் கோடியில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் வெர்னுக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்வதும், அந்தப் பெரிய ஆள் உதட்டை அசைத்து அதைத் திருப்பிச் சொல்லிக்கொள்வதும்தான். தணிகாசலம் அதைப் பார்த்துக்கொண்டே தன் கோட்டைத் தேடினான். இவளோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், என்ன புண்ணியம் பண்ணினேன் என்று நினைத்தான், அப்படி நினைத்ததும் கூச்சமாக இருந்தது, புண்ணியம் என்பதெல்லாம் அப்பா பேச்சு, ஆனால் வேறு வார்த்தை அவனிடம் இல்லை.

கோட்டுகளுக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்து பூட்ஸோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். வயிறு குறுக்கே நின்றது, கை கயிற்றுக்கு எட்டவில்லை. வெர்னின் தோள், வெர்னின் மோவாய், கேட்கவே வேண்டியதில்லை. தணிகாசலம் குந்தி உட்கார்ந்து, “நான் கட்டட்டுமா?” என்றான். அவள் காலை நீட்டினாள். “என் பேர் ஷெல்பி” என்றாள். “அப்பா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பயந்துட்டா அவருக்குக் கோபம் வந்துடும்.” “பரவாயில்லை” என்றான். கயிறு ஈரமாக இருந்தது, முடிச்சு நழுவியது. நழுவட்டும் என்று மெதுவாகவே கட்டினான். தலைக்குமேல் அவள் வயிறு ஏறி இறங்கியது. “எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்தா” என்று அந்தப் பூட்ஸைப் பார்த்துச் சொன்னான். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. “ஒரு பகல் இருந்தா.” இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற வருத்தம் தெரிவிக்கும் வார்த்தையை எதிர்பார்த்து முடிச்சை இறுக்கினான். ஷெல்பி அதைச் சொல்லவில்லை. “பேர் வச்சீங்களா?” என்றாள்.

“வள்ளி.”

“வல்லி.”

“இல்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கிட்டே வைக்கக் கூடாது.” அண்ணாந்து பார்த்தான். வாய்களைப் பார்த்தே பிழைத்தவன், இப்படி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. “மேலண்ணத்தில, நல்லாப் பின்னால, மடக்கி வை. அங்கேயிருந்து கீழே விடு.”

அவள் வாயைத் திறந்து, நாக்கை மடக்கி, கண்ணைச் சுருக்கி முயன்றாள். வரவில்லை. சிரித்தாள். மறுபடி முயன்றாள், அதுவும் இல்லை. பிறகு ஒருமுறை, சத்தமாக, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, அரக்கோணத்தில் பிறந்தவள் மாதிரி, “வள்ளி” என்றாள். பெஞ்சில் இங்க்ரிட் மடக்கிய விரலை விடாமல் அப்படியே திரும்பினாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா” என்றான் தணிகாசலம்.